மருந்துக்கு அடங்காத உணவுக் கிருமிகள்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

உணவு வழியாகப் பரவும் பாக்டீரியாக்களுக்கு ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் திறன் எங்கிருந்து வருகிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். கேள்விகள் வேறு வேறாக இருந்தாலும், அந்த எதிர்ப்பைத் தரும் மரபணு பாக்டீரியாவுக்குள் எந்த இடத்தில் இருக்கிறது, அதன் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பெரும்பாலானவற்றுக்குப் பாதி பதில் கிடைத்த மாதிரிதான்.

ஆன்டிபயாடிக் கொடுப்பதால்தான் பாக்டீரியாவின் மரபணு மாறுகிறதா?

மாற்றம் முன்பே நடந்திருக்கும், மருந்து அப்புறம்தான் வரும். 1952-லேயே மரபியல் ஆய்வாளர்களான லெடர்பெர்க் தம்பதி இதை நிரூபித்துவிட்டார்கள். ஒரு தட்டில் பாக்டீரியாவை வளர்த்து, வெல்வெட் துணியை அதன்மேல் ஒற்றி, அதே துணியை மருந்து கலந்த வேறு தட்டுகளில் ஒற்றி எடுத்தார்கள். மருந்துத் தட்டுகளில் தப்பிப் பிழைத்தவை எல்லாத் தட்டுகளிலும் ஒரே இடத்தில் முளைத்தன. அந்த இடத்தை வைத்து மூலத்தட்டுக்குப் போய், மருந்தையே பார்க்காத அந்தப் பாக்டீரியாவை எடுத்துச் சோதித்தால், அதுவும் மருந்தைத் தாங்கியது.

குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் டிஎன்ஏவில் சுமார் 46 லட்சம் எழுத்துகள் (ஏ, டி, ஜி, சி என்ற வேதி அலகுகள்). நகலெடுக்கும்போது பிழை விழுவது அபூர்வம்தான், ஏறக்குறைய ஆயிரம் பிரிதலுக்கு ஒரு பிழை. ஆனால் ஒரு விலங்கின் குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் இருக்கும்போது, தேவையான பிழை ஏதோ ஒன்றில் ஏற்கெனவே விழுந்திருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்று அந்த ஒன்றுக்கு இடம் விடுகிறது. அதற்காக மருந்துக்கு இதில் பங்கே இல்லை என்றும் சொல்லமாட்டேன். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் டிஎன்ஏவைச் சேதப்படுத்தும்போது பாக்டீரியா அவசரகாலப் பழுதுபார்ப்பில் இறங்கும், அந்த வேலையில் பிழைகள் கூடும்.

வயிற்றுப்போக்கைத் தரும் கேம்பிலோபாக்டர் கிருமி மட்டும் சிப்ரோஃப்ளாக்சசினுக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம் அடங்காமல் போகிறது?

ஒரே ஒரு எழுத்து மாறினால் போதும் என்பதால். இந்த மருந்து தாக்குவது டிஎன்ஏவின் முறுக்கைச் சரிசெய்யும் ஜைரேஸ் என்ற நொதியை. கேம்பிலோபாக்டரின் ஜைர்-ஏ மரபணுவில் 257-வது இடத்தில் சி இருக்க வேண்டிய இடத்தில் டி வந்துவிட்டால், புரதத்தின் 86-வது இடத்தில் த்ரியோனின் போய் ஐசோலூசின் வந்து உட்காரும், மருந்துக்குப் பிடிமானம் போய்விடும். ஈ.கோலை, சால்மோனெல்லா போன்ற குடல் பாக்டீரியாக்களில் இந்த மருந்துக்கு டோபோஐசோமெரேஸ்-4 என்ற இன்னொரு இலக்கும் உண்டு, அதனால் அங்கே எதிர்ப்பு படிப்படியாகத்தான் ஏறும். கேம்பிலோபாக்டரில் அந்த இரண்டாவது இலக்கே கிடையாது. போதாததற்கு, உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளும் சி.எம்.இ-ஏபிசி என்ற பம்பும் கூடவே வேலை செய்கிறது.

ஒரே சால்மோனெல்லா ஐந்து மருந்துகளை எப்படி எதிர்க்கிறது? ஐந்து தடவை மரபணு மாறியதா?

இல்லை. 1990-களில் பல நாடுகளில் பரவிய சால்மோனெல்லா டைஃபிமூரியம் டிடி104 வகையை எடுத்துக்கொள்வோம். ஆம்பிசிலின், குளோரம்ஃபெனிகால், ஸ்ட்ரெப்டோமைசின், சல்ஃபா மருந்துகள், டெட்ராசைக்ளின் என்று ஐந்தையும் எதிர்க்கும். அதற்கான மரபணுக்கள் அதன் குரோமோசோமுக்குள் (பாக்டீரியாவின் முக்கிய டிஎன்ஏ), சுமார் 43,000 எழுத்து நீளமுள்ள ஒரு பகுதியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. வெளியிலிருந்து வந்து செருகிக்கொண்ட இந்தத் துண்டுக்கு சால்மோனெல்லா மரபணுத் தீவு-1 என்று பெயர். ஒரே நூலில் கோர்த்த மணிகள் மாதிரி, ஒன்றை இழுத்தால் எல்லாம் சேர்ந்து வரும்.

இதில்தான் எனக்குப் பெரிய கவலை. அந்தத் தீவில் உள்ள ஃப்ளோ-ஆர் என்ற மரபணு, குளோரம்ஃபெனிகாலை மட்டுமல்லாமல் கால்நடைக்குக் கொடுக்கும் ஃப்ளோர்ஃபெனிகாலையும் வெளியே தள்ளிவிடும். அதாவது பண்ணையில் ஃப்ளோர்ஃபெனிகால் மட்டும் கொடுத்தாலும், டெட்ராசைக்ளின் ஒரு சொட்டுகூடப் படாமலேயே டெட்ராசைக்ளினை எதிர்க்கும் கிருமி பெருகும். பன்றித் தீவனத்தில் சேர்க்கும் தாமிரத்தாலும் இப்படி நடக்கிறது: என்டெரோகாக்கஸ் என்ற குடல் பாக்டீரியாவில் தாமிரத்தைத் தாங்க வைக்கும் டி.சி.ஆர்-பி மரபணுவும் எரித்ரோமைசினை எதிர்க்கும் மரபணுவும் சேர்ந்தே காணப்பட்டிருக்கின்றன. மருந்துக் கணக்கு எழுதும்போது தீவனத்தில் சேரும் தாமிரத்தையும் துத்தநாகத்தையும் யாரும் கண்டுகொள்வதில்லை. அவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

லிஸ்டீரியா என்ற உணவுக் கிருமிக்கு செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாடிக் வேலை செய்யாது என்கிறார்களே, அதுவும் வெளியிலிருந்து வாங்கிய மரபணுவாலா?

இல்லை, அது பிறவியிலேயே உள்ளது. செஃபலோஸ்போரின் போய் ஒட்ட வேண்டிய புரதங்கள் லிஸ்டீரியாவில் அதற்குச் சரியாக இடம் கொடுப்பதில்லை. ஆம்பிசிலின் நன்றாகவே வேலை செய்யும், சிகிச்சையிலும் அதைத்தான் முதலில் எடுக்கிறார்கள்.

எம்.சி.ஆர்-1 என்று ஒரு மரபணுவைப் பற்றி அவ்வளவு பதற்றம் ஏன்?

கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை எதிர்க்க வைக்கும் மரபணு அது. கோலிஸ்டின் பழைய மருந்து. சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் ஒதுக்கிவைத்திருந்ததை, மற்ற மருந்துகள் கைவிட்டபோது கடைசி ஆயுதமாகத் திரும்ப எடுத்தார்கள். அதை எதிர்க்கும் பாக்டீரியாக்கள் முன்பும் இருந்தன. ஆனால் அதுவரை தெரிந்திருந்தது குரோமோசோமில் நடக்கும் மாற்றம், அது தன் வாரிசுகளுக்கு மட்டும்தான் போகும். 2015 நவம்பரில் சீனாவிலிருந்து வந்த அறிக்கை அந்த நிம்மதியைக் குலைத்தது. பன்றியிலிருந்து எடுத்த ஈ.கோலையில், குரோமோசோமுக்கு வெளியே தனி வளையமாக இருக்கும் பிளாஸ்மிட்டில் எம்.சி.ஆர்-1 உட்கார்ந்திருந்தது. பிளாஸ்மிட் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு, வேறு இனத்துக்கும்கூட நகரும். ஈ.கோலையிலிருந்து சால்மோனெல்லாவுக்குப் போக அதற்குப் பெரிய தடையில்லை.

வேலை செய்யும் விதம் எளிமையானது. கோலிஸ்டினுக்கு நேர்மின்னூட்டம், பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் உள்ள லிப்பிட்-ஏவுக்கு எதிர்மின்னூட்டம், அந்த ஈர்ப்பில்தான் மருந்து ஒட்டுகிறது. எம்.சி.ஆர்-1 தரும் நொதி லிப்பிட்-ஏவில் பாஸ்ஃபோஎத்தனோலமைனைச் சேர்த்து அந்த எதிர்மின்னூட்டத்தைக் குறைத்துவிடும். சீனா 2017-ல் கோலிஸ்டினைத் தீவனத்தில் வளர்ச்சிக்காகச் சேர்ப்பதை நிறுத்தியது, இந்தியா 2019-ல் உணவுக்கான விலங்குகளில் தடை செய்தது.

நன்றாகச் சமைத்துவிட்டால் இந்தப் பிரச்சினை இல்லைதானே?

எதிர்ப்பு மரபணு இருப்பதால் பாக்டீரியாவுக்குச் சூட்டைத் தாங்கும் சக்தி வந்துவிடாது. உள்பகுதி வரை 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால் மற்றவற்றைப் போலவே இதுவும் சாகும். பிரச்சினை சமைக்கும் முன்புதான்: பச்சை இறைச்சி பட்ட கை, கத்தி, பலகை, அதே பலகையில் நறுக்கிப் பச்சையாகச் சாப்பிடும் காய்.

பாக்டீரியாவின் டிஎன்ஏவைப் படித்த மரபணு வரிசை அறிக்கையில் எதிர்ப்பு மரபணு இருக்கிறது, ஆனால் அதைத் தட்டில் வளர்த்துச் சோதித்தால் மருந்து வேலை செய்கிறது. எதை நம்புவது?

ஆய்வகத்தில் வேலை செய்பவர் கேட்டது. சால்மோனெல்லாவில் ஏஏசி-6-ஐஏஏ என்ற மரபணு அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கும், பட்டியலில் அமினோகிளைக்கோசைடு வகை மருந்துகளுக்கு எதிர்ப்பு என்று வந்து நிற்கும், ஆனால் பெரும்பாலும் அது உறங்கிக்கொண்டிருக்கும் மரபணு. உங்கள் அறிக்கையில் இருப்பதும் அதுதானா என்று முதலில் பாருங்கள். நேர்மாறாகவும் நடக்கும். ராம்-ஆர் என்ற கட்டுப்பாட்டு மரபணு பழுதானால் பம்புகள் அளவுக்கு மீறி ஓடும், மருந்துகள் வலுவிழக்கும், ஆனால் வெளியிலிருந்து வந்த மரபணுக்களை மட்டும் தேடும் மென்பொருள் எதையும் காட்டாது. நோயாளிக்கான முடிவு என்றால் நான் தட்டைத்தான் நம்புவேன். எங்கிருந்து பரவியது என்று தேடும்போது வரிசைக்கு ஈடு கிடையாது.

மருந்தை நிறுத்திவிட்டால் எதிர்ப்பு குறைந்துவிடுமா?

சில இடங்களில் நன்றாகவே குறைந்திருக்கிறது. கனடாவின் கியூபெக்கில் கோழிமுட்டைக்குள்ளேயே செஃப்டியோஃபர் என்ற ஆன்டிபயாடிக்கை ஊசியாகப் போடும் வழக்கம் இருந்தது. 2005-ல் குஞ்சு பொரிப்பகங்கள் தாமாகவே நிறுத்தின. கடைக் கோழியில் கிடைத்த சால்மோனெல்லா ஹைடல்பெர்க் என்ற வகையில் அந்த மருந்துக்கு எதிர்ப்பு 62 சதவீதத்திலிருந்து 7 சதவீதத்துக்கு இறங்கியது, மனிதர்களிடமும் குறைந்தது. 2007-ல் ஓரளவு மறுபடி ஆரம்பித்ததும் மீண்டும் ஏறியது.

கேம்பிலோபாக்டர் கதை வேறு. அமெரிக்கா 2005-லேயே கோழிகளுக்கு, சிப்ரோஃப்ளாக்சசினுக்கு நெருங்கிய உறவான என்ரோஃப்ளாக்சசின் கொடுப்பதை நிறுத்தியும் எதிர்ப்பு அப்படிக் காணாமல் போகவில்லை. நான் மேலே சொன்ன அந்த ஒற்றை எழுத்து மாற்றம் கேம்பிலோபாக்டருக்குச் சுமையாக இல்லை. மருந்தே இல்லாத கோழிகளில் செய்த சோதனையில் மாறிய வகை மாறாத வகையை முந்திக்கொண்டதையும் பார்த்திருக்கிறார்கள்.

டென்மார்க்கில் 1995-ல், தீவனத்தில் சேர்த்துவந்த அவோபார்சின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தடை செய்தார்கள். மனிதர்களுக்குக் கொடுக்கும் வான்கோமைசினுக்கு அது நெருங்கிய உறவு. கோழிகளில் வான்கோமைசினை எதிர்க்கும் என்டெரோகாக்கஸ் குறைந்தது, பன்றிகளில் அசையவே இல்லை. தேடிப் பார்த்தால், பன்றியிலிருந்து கிடைத்தவற்றில் வான்கோமைசின் எதிர்ப்பு மரபணுவும் டைலோசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் மரபணுவும் ஒரே பிளாஸ்மிட்டில் இருந்தன, பன்றிகளுக்கு டைலோசின் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது. 1998-ல் டைலோசின் பயன்பாடு குறைந்த பிறகுதான் பன்றிகளிலும் அது இறங்க ஆரம்பித்தது.