வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படிக்கப் போகிறவர்களுக்கு ‘கிரெடிட் மாற்றம்’ ஏன் அவ்வளவு முக்கியம்?

வெளியில் படித்த பாடத்தைச் சொந்தப் பல்கலைக்கழகம் தன் பட்டப்படிப்பின் பகுதியாக ஏற்றுக்கொள்வதுதான் கிரெடிட் மாற்றம். இது உறுதியில்லை என்றால், திரும்பி வந்ததும் அதே செமஸ்டரை மறுபடி படிக்க வேண்டியிருக்கும். உதவித்தொகை எவ்வளவு கொடுத்தாலும் அப்புறம் யார் கிளம்புவார்கள்?

இத்தாலியின் சோஃபியா கொராதிக்கு இதுதான் நடந்தது. 1958-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்து ரோமுக்குத் திரும்பினார்; அந்தப் படிப்பு அங்கே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த அவமானத்தை அவர் சும்மா விடவில்லை. பல ஆண்டுகள் விடாமல் வாதாடினார். 1987-இல் ஐரோப்பாவில் மாணவர்களைப் படிப்பின் ஒரு பகுதிக்கு வேறு நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் எராஸ்மஸ் திட்டம் 11 நாடுகளோடு தொடங்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்த சிக்கல், வெளியில் படித்ததை எந்த அளவால் அளப்பது என்பது. ஊருக்கு ஒரு படி, மரக்கால் என்று இருந்தபோது நெல் வியாபாரத்தில் தகராறு வராமல் இருக்குமா? கிலோ வந்ததும் கணக்கு நேரானது. ஐரோப்பாவில் அந்தக் கிலோ, பொது கிரெடிட் முறை. ஓராண்டுப் படிப்பு 60 கிரெடிட்; ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு, வீட்டில் படிப்பதும் சேர்த்து.

சரி, பொது அளவு இருப்பதால் அங்கே எந்தப் பாடம் எடுத்தாலும் தானாகக் கணக்கில் ஏறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஏறாது: கிளம்பும் முன்பே பாடப் பட்டியலை எழுதி, மாணவரும் இரண்டு பல்கலைக்கழகங்களும் கையெழுத்திட்டிருக்க வேண்டும்.