கொடுக்கல் வாங்கல்

மதிப்பிற்குரிய ஐயா,

மனிதருக்கு இயற்கையோடு உறவு வேண்டும் என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். நாங்கள் ஆண்டுதோறும் மூணாறு, வால்பாறை என்று போய்வருகிறோம். அங்கிருக்கும்போது மனம் நிறைகிறது. திரும்பிய மூன்றாம் நாள் புகைப்படங்கள் தவிர எதுவும் மிஞ்சுவதில்லை. வேளச்சேரியில் ஏழாவது மாடியில் வசிப்பவனுக்கு அந்த உறவு சாத்தியம்தானா?

கா., சென்னை

அன்புள்ள கா.,

உங்கள் கடிதத்தின் நேர்மை பிடித்திருந்தது. மலையைப் பார்த்து மனம் நிறைவதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதை உறவு என்று சொல்லத் தயங்குவேன். விருந்துக்குப் போய்வருவதற்கும் ஒரு வீட்டோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடு அது.

வேடந்தாங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றுவட்டாரத்து வயல்களிலும் நீர்நிலைகளிலும் இரைதேடும் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் அந்த ஏரிக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் நீரில் விழுந்து கரைய, மதகைத் திறந்தால் தண்ணீரோடு எருவும் சேர்ந்தே வயலுக்குப் பாய்கிறது. கரையில் நின்றால் முதலில் மூக்கில் ஏறுவது அந்த வீச்சம்தான். பயணக் குறிப்பு எழுதுகிறவர்கள் ஏனோ இதைச் சொல்வதில்லை. பிரிட்டிஷ் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது, ஊரார் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798இல் பறவைகளுக்குப் பாதுகாப்பளிக்கும் கவுல் ஒன்றை, அதாவது எழுத்துமூல உறுதியை, பெற்றார்கள். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972இல். அந்த ஊராரைக் கலெக்டரிடம் நடக்கவைத்தது வெறும் அழகுணர்ச்சி என்று நான் நம்பவில்லை. அந்தப் பறவைகள் அவர்களுடைய வெள்ளாமைக் கணக்கில் இருந்தன. பாசம் அந்தக் கணக்கின்மேல் வளர்ந்தது. பறவைகள் மிரளாதிருக்க, தீபாவளிக்கு வெடி வேண்டாம் என்று ஓர் ஊரே இருப்பதற்கு அத்தகைய பாசம் வேண்டும்.

ஏழாவது மாடியில் உங்களுக்கு அப்படியொரு கணக்கு இல்லை என்றா நினைக்கிறீர்கள்? பள்ளிக்கரணைச் சதுப்பு உங்கள் பக்கத்து வீடு. தென்சென்னையின் ஏரிகளிலிருந்து வழிந்துவரும் மழைநீரை வாங்கித் தேக்கி, ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி வழியே கடலுக்கு அனுப்பிக்கொண்டிருந்த இடம் அது. குப்பை கொட்டியும் சாலை போட்டும் கட்டடம் எழுப்பியும் அதைச் சுருக்கினோம். 2015 டிசம்பரில் வேளச்சேரித் தெருக்களில் படகு ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே உறவு ஏற்கெனவே இருக்கிறது. வேடந்தாங்கல் விவசாயிக்குத் தன் வரவு தெரிந்திருந்தது. நமக்கோ செலவு மட்டும், அதுவும் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபிறகுதான், தெரிகிறது.

மூணாறுக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. அடுத்தமுறை அந்தச் சதுப்பின் குறுக்கே போகும் ரேடியல் சாலை நெரிசலில் வண்டி நிற்கும்போது கண்ணாடியை இறக்கிப் பாருங்கள். குப்பைமேட்டின் நாற்றமும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். சாம்பல் படிந்த வெள்ளை நிறத்தில் நத்தைக்குத்தி நாரை நின்றால் அதன் அலகைக் கவனியுங்கள்: மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். வழுக்கும் நத்தையைப் பிடித்துக் கையாள உதவும் அமைப்பு என்கிறார்கள். இளம்பறவைகளுக்கு அந்த இடைவெளி இருக்காது. வளர வளரத்தான் உண்டாகும்.