மலைக் கிராமங்களில் வேலை பார்க்கச் செவிலியர்களை வரவழைப்பது எப்படி? சம்பளத்தைக் கூட்டினால் போதுமா?

சம்பளம் கூட வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் ஆள் வருவார், தங்கமாட்டார். வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஒன்றியத்தில், ஜவ்வாது மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். எத்தனையோ பெண்கள் ஆர்வத்தோடு வந்து சேர்ந்து, சில மாதங்களில் மாறுதல் வாங்கிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருத்திகூட மலை மக்களைப் பிடிக்காமல் போகவில்லை. ஆகவே "மலைக்குப் போக நர்சுகளுக்கு மனமில்லை" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

சம்பளக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தி ஆயிரக்கணக்கான செவிலியர்களைத் தொகுப்பூதியத்தில் எடுத்தது. மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டுகளில் நிரந்தரம் ஆகும் என்று நம்பிச் சேர்ந்தவர்கள், அது நடக்காததால் 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்ககம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். பிறகு அந்தத் தொகை 14,000, 18,000 என்று ஏறியது. தெற்கே திருநெல்வேலியிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ இங்கே போடப்பட்ட பெண், இந்தப் பணத்தில் சாப்பிட்டு, வீட்டுக்கும் அனுப்பி, பஸ் பிடித்து ஊருக்கும் போய்வர வேண்டும். படிப்புக்கு வாங்கிய வங்கிக் கடன் வேறு இருக்கும். நிரந்தரப் பணியும் முழு ஊதியமும் முதல் நாளிலிருந்தே கொடுங்கள். மலையில் இருப்பவர்களுக்கு அதற்கு மேலும் கொடுங்கள். இதில் பேச வேறொன்றும் இல்லை.

வீட்டைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

நான் சேர்ந்தபோது நிலையத்துக்குப் பின்னால் செவிலியர் குடியிருப்பு என்று ஒரு கட்டடம் இருந்தது. கூரை ஒழுகாது, மின்சாரம் இருந்தது. ஆய்வுக்கு வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, நல்ல நிலையில் இருப்பதாக எழுதிக்கொண்டு போவார்கள். பின்கதவுக்குத் தாழ்ப்பாள் மட்டும் கிடையாது. நிலைமரம் உளுத்துப்போயிருந்ததால் எந்தத் திருகாணியும் பிடிக்கவில்லை. இரவு படுப்பதற்கு முன்னால் நானும் என்னோடு இருந்த சிஸ்டரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அம்மிக்கல்லை இழுத்து வந்து கதவுக்கு அணை கொடுப்போம். நடுராத்திரியில் யாராவது பாம்புக்கடி என்றோ பிரசவ வலி என்றோ பின்வாசலில் வந்து கூப்பிட்டால், முதலில் அம்மியை நகர்த்தியாக வேண்டும். பிறகுதான் ஓட முடியும். குடியிருப்புக்கும் பிரசவ அறைக்கும் நடுவில் விளக்கு கிடையாது. டார்ச் அடித்து, தரையைப் பார்த்துப் பார்த்துக் கால் வைக்க வேண்டும். அது கட்டுவிரியன் நடமாடும் இடம். மனு மேல் மனு எழுதினோம். கடைசியில் அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுக் கொடுத்தவர் ஊரில் தச்சு வேலை செய்யும் ஒரு பெரியவர். அவர் மருமகளுக்கு நாங்கள் பிரசவம் பார்த்திருந்தோம். உளுத்த பகுதியை அறுத்தெடுத்து வேப்பங்கட்டை வைத்துப் பொருத்தினார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

ஒரு தாயின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். இருபத்திரண்டு வயது மகளைக் கொண்டுவந்து விடும்போது அந்தக் கதவைப் பார்த்தால், "சம்பளம் வேண்டாம், வா போகலாம்" என்றுதான் சொல்வாள். உள்ளிருந்து பூட்டக்கூடிய கதவு, வீட்டுக்குள்ளேயே தண்ணீரோடு கழிப்பறை, வழியில் விளக்கு, செல்போன் சிக்னல், இரவுக் காவலர். இவை எல்லாம் முடிந்த பிறகே பணி ஆணை அனுப்ப வேண்டும். ஆணை அனுப்பிவிட்டுக் கதவு தேடக்கூடாது.

அடுத்தது தனியாளாக விடுவது. 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் மூன்று செவிலியர் சுற்றுமுறையில் இருந்தால்தான் ஓரளவாவது ஓட்ட முடியும். ஒருத்தி பிரசவ விடுப்பில் போய், அந்த இடத்துக்கு ஆள் வராவிட்டால், மீதி இரண்டு பேர் பகலும் இரவும் மாறி மாறி நிற்கிறார்கள். அதில் ஒருத்தி சோர்ந்துபோய் மாறுதல் வாங்கினால், மிஞ்சியவள் நாள் முழுக்க அங்கேயே கிடக்க வேண்டியதுதான். அவளும் போய்விடுவாள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு மூன்று பேர் ஓடிவிட்டதாகத் தெரியும். உண்மையில் நடந்தது, முதல் காலியிடத்தை உடனே நிரப்பாதது மட்டும்தான்.

பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்காத ஒரு தாயைத் தனியாகச் சமாளிப்பது என்னவென்று சொல்கிறேன். ஒரு கை வயிற்றின் மேல் கர்ப்பப்பையை அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொரு கையால், கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் மருந்தை ஏற்ற வேண்டும், சலைன் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். 108-க்குப் போன் செய்ய மூன்றாவது கை இல்லை. காதுக்கும் தோளுக்கும் நடுவில் செல்போனை இடுக்கிக்கொண்டு வழி சொல்ல வேண்டும். குழந்தையைத் துப்புரவுப் பணியாளர் அக்காவிடம் கொடுத்துச் சூடு குறையாமல் பிடித்திருக்கச் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட இரவுகளை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு கழித்தவள் ஊர்ப்பக்கம் மாறுதல் கேட்டால், அவளைக் குறைசொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? இரவுப் பணியில் எப்போதும் பயிற்சி பெற்ற இரண்டாவது ஆள் வேண்டும். போனில் உடனே கிடைக்கும் மருத்துவர் ஒருவரும் வேண்டும்.

பாதையும் இதில் சேர்த்திதான். 2023 மே மாதத்தில் எங்கள் ஒன்றியத்து அல்லேரி மலையில் உள்ள அத்திமரத்துக்கொல்லையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை இறந்ததும், வண்டி போகும் சாலை இல்லாததால் தாய் அந்த உடலைச் சுமந்துகொண்டு மலைப்பாதையில் நடந்ததும் செய்தித்தாள்களில் வந்தன. அந்தப் பாதையில்தான் கிராம சுகாதார செவிலியரும் தடுப்பூசிப் பெட்டியைச் சுமந்துகொண்டு ஏற வேண்டும். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. அந்த 3,000 பேர் எத்தனை குன்றுகளில் சிதறிக் கிடக்கிறார்கள் என்பது அந்தக் கணக்கில் வராது.

எப்போது திரும்பி வரலாம் என்ற தேதி பணி ஆணையிலேயே இருக்க வேண்டும். இரண்டு ஆண்டு மலையில் முடித்தால் அடுத்த இடத்தைத் தானே தேர்ந்தெடுக்கலாம் என்று எழுத்தில் கொடுத்தால் தைரியமாக வருவார்கள். இப்போதுள்ள பயமே "ஏறினால் இறங்க முடியாது" என்பதுதான். மலையில் பணியாற்றிய அரசு மருத்துவர்களுக்கு மேற்படிப்புச் சேர்க்கையில் ஊக்க மதிப்பெண் தருகிறார்கள். செவிலியர்களின் மேற்படிப்பிலும் மலைப்பணிக்கு அதே எடை கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் வெளியூரிலிருந்து வரும் பெண்களுக்காகச் சொன்னது. ஆனால் என் மனதில் முதலிடம் மலைப் பெண்களுக்குத்தான். எங்கள் பகுதியில் கிராம சுகாதார செவிலியராக இருந்த ஒரு பெண் மலையாளி என்ற பழங்குடிச் சமூகத்தவர் (கேரளத்து மலையாளி அல்ல), மலையிலேயே பிறந்தவர். சாமை அறுவடைக் காலத்தில் கர்ப்பிணிகள் யாரும் பரிசோதனைக்குக் கீழே இறங்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். ரத்த அழுத்தக் கருவியை எடுத்துக்கொண்டு கொல்லைக்கே போய்விடுவார். கர்ப்பிணியிடம் பேசுவதற்கு முன் மாமியாரிடம் உட்கார்ந்து சாமை விளைச்சலைப் பற்றிப் பேசுவார். "நம்ம பெண் சொல்கிறது" என்று அந்த அம்மாள் மருமகளை அனுப்பி வைப்பார். நாங்கள் பத்து முறை சொல்லியும் நடக்காதது அவர் ஒரு முறை போனால் நடந்துவிடும். அவருக்கு இரவில் பயம் இல்லை, ஊர் ஏக்கமும் இல்லை. அவர் ஊரே அதுதான். உலக சுகாதார நிறுவனம் 2010-ல் வெளியிட்டு 2021-ல் புதுப்பித்த வழிகாட்டுதல்களும் கிராமப் பின்னணி உள்ள மாணவர்களைச் சேர்க்கச் சொல்கின்றன.

அப்படியானால் ஏன் மலையிலிருந்து இன்னும் நிறையச் செவிலியர் வரவில்லை? பி.எஸ்சி. நர்சிங் சேர பிளஸ் டூவில் உயிரியல் படித்திருக்க வேண்டும். அறிவியல் பிரிவுக்கு நல்ல ஆசிரியர் கிடைக்காத பள்ளியில் படிக்கும் பெண் அங்கேயே நின்றுவிடுகிறாள். பழங்குடியினர் சான்றிதழுக்குக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். அரசின் பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் எங்கள் பகுதிக்கு இன்னும் வட ஆர்க்காடு மாவட்டம் என்ற பழைய பெயர்தான் இருக்கிறது. அந்த மாவட்டம் 1989-ல் பிரிந்து, மிச்சம் வேலூர் ஆகி, 2019-ல் மறுபடி மூன்றாகிவிட்டது. கூலி வேலையை விட்டுவிட்டு அப்பா அலைந்து சான்றிதழ் வாங்குவதற்குள் கலந்தாய்வு முடிந்துபோனால், அந்தப் பெண்ணுக்கு ஒரு வருடம் போய்விடும். அதற்குள் கல்யாணம் பேசிவிடுவார்கள். எப்படியோ சேர்ந்துவிட்டாலும், தமிழ்வழியில் படித்தவளுக்கு முதலாண்டு உடற்கூறியல் புத்தகம் முழுக்க ஆங்கிலம். அழுதுகொண்டே படிப்பை விட்டுப் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். முதல் ஆறு மாதம் தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க ஒருவர் இருந்திருந்தால் அவர்கள் இன்று மலையில் நர்ஸாக இருந்திருப்பார்கள்.

வேலூருக்கு இதெல்லாம் புதிதல்ல. சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் இங்கே செவிலியர் பயிற்சியைத் தொடங்கியது 1909-ல். இந்தியாவில் செவிலியர் பட்டப்படிப்பு முதன்முதலில் 1946-ல் தொடங்கியது டெல்லியிலும் வேலூரிலும்தான். சிறிய மிஷன் மருத்துவமனைகள் தங்கள் பகுதிப் பிள்ளைகளைப் படிக்க அனுப்புவதும், படித்து முடித்தவர்கள் அங்கே திரும்பிப் போய்ச் சில காலம் பணி செய்வதும் சி.எம்.சி.யில் நெடுங்காலமாக உள்ள முறை. பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்த்தான்கொல்லை போன்ற மலை ஊராட்சிகளுக்கும் அரசு இதையே செய்யலாம். ஊராட்சி பெண்ணைத் தேர்ந்தெடுக்கட்டும். அரசு விடுதியும் கட்டணமும் கொடுக்கட்டும். படித்து வந்தவளுக்குத் தன் மலையிலேயே நிரந்தர வேலை காத்திருக்கட்டும். ஒன்று மட்டும்: மலைப் பெண் என்பதற்காக ஆயுள் முழுக்க மலையை அவள் தலையில் கட்டிவிடக் கூடாது. மற்றவர்களுக்கு உள்ள மாறுதல் உரிமையும் மேற்படிப்பும் அவளுக்கும் வேண்டும்.

இதைப் படிப்பவர்களில் மலைப்பகுதிக்குப் பணி ஆணை வாங்கியவர்கள் இருந்தால் தயவுசெய்து போங்கள். சேருவதற்கு முன் ஒரு முறை நேரில் போய்க் குடியிருப்பின் கதவையும் தண்ணீரையும் பாருங்கள். இரவில் உங்களோடு யார் இருப்பார், 108 வண்டி எவ்வளவு நேரத்தில் வரும், பாம்புக்கடி மருந்தும் ஆக்ஸிடோசினும் இருப்பில் உள்ளனவா, குளிர்பெட்டி வேலை செய்கிறதா என்று அங்கே இருக்கும் சிஸ்டரிடம் கேளுங்கள். குறை இருந்தால் தனியாகப் புலம்பாதீர்கள். நிலையத்தில் உள்ள செவிலியர் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, வட்டார மருத்துவ அலுவலரிடம் மாதக் கூட்டத்திலேயே எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.