டூம், திராஷ், பிளாக், டெத்: ஹெவி மெட்டலின் இந்தக் கிளைகள் எல்லாமே இங்கிலாந்தின் பிளாக் சபாத் குழுவிலிருந்துதான் வந்தனவா?

மெதுவாக, கனமாக நகரும் டூம் மட்டும்தான் சபாத்தின் சொந்தப் பிள்ளை. மற்றவை பேரப்பிள்ளைகள், அவற்றுக்கு வேறு தாத்தாக்களும் உண்டு.

டூமின் கதை பர்மிங்காமில் ஒரு தகட்டுத் தொழிற்சாலையில் தொடங்குகிறது. பின்னாளில் சபாத்தின் கிட்டார் கலைஞரான டோனி அயோமிக்கு அப்போது 17 வயது. வேலையை விட்டு நிற்கும் கடைசி நாளில் இயந்திரத்தில் சிக்கி, வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டிலும் நுனி போய்விட்டது. அவர் இடக்கைக்காரர். அதனால் கிட்டாரில் தந்தியை அழுத்த வேண்டியது அந்த வலக்கைதான்! இனி கிட்டாரே வேண்டாம் என்று இருந்தவரிடம் தொழிற்சாலை மேலாளர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். தீயில் கருகிய கையோடு இரண்டே விரலால் வாசித்த மேதை அவர். அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குக் குப்பி செய்துகொண்டார், அதன்மேல் தோலை ஒட்டினார். தடித்த தந்தி வலித்ததால் பான்ஜோவின் மெல்லிய தந்தியை மாட்டினார். 1971-இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் பல பாடல்களுக்குச் சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்கினார். தந்தி தளர்ந்தது, விரலுக்கு இதம் கிடைத்தது, ஒலி கனத்தது. என் கிட்டாரில் அதே அளவு இறக்கி அந்த ஆல்பத்தின் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) ஒன்றை வாசித்த நாள் எனக்கு மறக்காது. தந்தி மெல்ல அதிர்ந்து அடங்குவதற்கே நேரம் கேட்கிறது. வேகமாக வாசிக்க மனமே வருவதில்லை.

அதற்கு முன்பே, 1970 பிப்ரவரி 13 அன்று வெளியான சபாத்தின் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டில் அந்த இருட்டு இருக்கிறது. ரிஃபில் மூன்றே சுரம்: ச, மேல் ச, பிறகு பிரதி மத்யமம். கல்யாணியில் நம்மைக் குளிர்விக்கும் அதே 'ம', பக்கத்தில் துணைச் சுரம் எதுவும் இல்லாமல் தனியே நிற்கும்போது நெஞ்சைப் பிசைகிறது. ஐரோப்பாவில் அந்த இடைவெளிக்குச் சாத்தானின் பெயரையே வைத்திருக்கிறார்கள். 1986-இல் சுவீடனின் கேண்டில்மாஸ் 'எபிகஸ் டூமிகஸ் மெட்டாலிகஸ்' என்று ஆல்பத்துக்குப் பெயரிட்டபோது, டூம் என்ற பெயர் அந்த ஒலிமேல் நன்றாக ஒட்டிக்கொண்டது.

வேகமே உயிரான திராஷுக்குத் தாத்தா இங்கிலாந்தின் மோட்டர்ஹெட் குழு. 1979-இன் 'ஓவர்கில்' பாட்டில் ஃபில் டெய்லர் இரண்டு பேஸ் டிரம்மையும் விடாமல் மிதிப்பதைக் கேளுங்கள். இன்னொரு வேர், பர்மிங்காமுக்குப் பக்கத்தில் ஸ்டவர்பிரிட்ஜில் கிளம்பிய டைமண்ட் ஹெட். அவர்களைப் பார்ப்பதற்கென்றே 1981-இல் அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்குப் போன பையன் லார்ஸ் உல்ரிக். இரண்டு வருடத்தில், அவர் டிரம் வாசித்த மெட்டாலிகா குழுவின் முதல் ஆல்பம் 'கில் 'எம் ஆல்' வந்துவிட்டது.

பிளாக் மெட்டலில்தான் பலர் குழம்புகிறார்கள். இங்கிலாந்தில் நியூகாசிலின் வெனம் குழு 1982-இல் 'பிளாக் மெட்டல்' என்ற ஆல்பம் போட்டார்கள். பெயர் அவர்களுடையது, சந்தேகமில்லை. ஆனால் இன்று நாம் பிளாக் மெட்டல் என்று கேட்கும் அந்தப் பனிக்காற்று ஒலி, சுவீடனின் பாத்தரி குழுவிடமிருந்து வந்தது. பிறகு மேஹெம், டார்க்த்ரோன் போன்ற நார்வே குழுக்கள் அதை முழு வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். உறுமல் குரலில் பாடும் டெத் மெட்டலிலும் இதே கதைதான். 1985-இல் பொசெஸ்டு குழுவினர் தங்கள் 'செவன் சர்ச்சஸ்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்கே 'டெத் மெட்டல்' என்று பெயர் வைத்தார்கள். வளர்த்தெடுத்தவர் ஃபுளோரிடாவின் சக் ஷுல்டினர். அவருடைய டெத் குழு 1987-இன் 'ஸ்க்ரீம் பிளடி கோர்' ஆல்பத்தோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை, ஒவ்வொரு ஆல்பத்திலும் இசை நுணுகிக்கொண்டே போனது. 2001-இல் 34 வயதில் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

நீங்கள் கேட்காத ஒரு கிளையையும் சொல்லிவிடுகிறேன்: வெறி வேகத்தில் சீறும் கிரைண்ட்கோர். 1987-இல் நேபாம் டெத் குழுவினர் 'ஸ்கம்' ஆல்பத்தை வெளியிட்டார்கள். அதன் முதல் பக்கம் பதிவானது அதே பர்மிங்காமில். சபாத்தின் முதல் பாட்டு ஆறு நிமிடத்துக்கு மேல் ஊர்ந்து போகும். 'ஸ்கம்' முதல் பக்கத்தில் உள்ள 'யூ சஃபர்' ஒன்றரை நொடிகூட ஓடாது.