கேளுங்க சொல்றோம்: பனி லாரியும் குப்பை லாரியும்

கேள்வி: எம்பொண்ணு கனடால மாண்ட்ரியல்ல இருக்கா. அங்க ரோட்டுல விழற பனிய லாரில அள்ளிட்டு போய் கொட்டறாங்களாம், அதுக்குன்னே ஊர ஏரியா ஏரியாவா பிரிச்சு வெச்சிருக்காங்களாம். நம்மூரு குப்பை வண்டிக்கு இதுல எடுத்துக்க ஏதாச்சும் இருக்குதுங்களா? (வாசகி, துடியலூர்)

பதில்: இருக்குதுங்கம்மா, நெறையவே இருக்கு. மாண்ட்ரியல்ல ரோடு, பிளாட்பாரம் எல்லாம் சேத்து கிட்டத்தட்ட 10,000 கிலோமீட்டர் வழிக்கோணும். மொதல்ல பனிய ஓரமா ஒதுக்கிருவாங்க, அப்புறம் ஒரு மெஷின் அத அள்ளி பக்கத்துலயே ஊர்ந்து வர்ற லாரிக்குள்ள பீச்சி அடிக்கும், லாரி ரொம்புனதும் கெளம்பிரும், பின்னாடி நிக்கற காலி லாரி உடனே அந்த எடத்துக்கு வந்தாகணும், இல்லீன்னா மெஷின் சும்மா நிக்கும். இப்ப ஒரு கணக்குக்கு, லாரி ரொம்ப 5 நிமிஷம், கொட்டிட்டு வர 1 மணி நேரம்னு வெச்சுக்குங்க. ஒரு மெஷினுக்கு 13 லாரி வேணும். கொட்டற எடம் கிட்டக்க இருந்து அரை மணி நேரத்துல திரும்பிட்டா 7 லாரி போதும். ஏரியா கோட்ட எங்க போடறோம்கறதுலயே பாதி செலவு முடிவாயிருது பாருங்க.

அதுக்காக எல்லா ஏரியாவையும் பக்கத்துல இருக்கற எடத்துக்கே அனுப்பவும் முடியாது. ஒவ்வொரு எடத்துக்கும் மொத்தம் இவ்வளவுதான் கொள்ளும், மணிக்கு இத்தன லாரிதான் கொட்ட முடியும்னு ஒரு அளவு இருக்குமில்லீங்களா. அதனால சில ஏரியாவ வேணும்னே கொஞ்சம் தூரமா அனுப்பி விட்டாத்தான் மொத்தக் கணக்கு கொறையும்.

நம்ம கோயமுத்தூர்ல 2011-ல துடியலூர், வடவள்ளி, சரவணம்பட்டி, குறிச்சி எல்லாம் சேத்து 72 வார்ட 100 ஆக்குனாங்க, ஆனா குப்பை போற எடம் அதே வெள்ளலூர்தான். உங்க ஊரு வடக்குக் கோடி, வெள்ளலூர் தென்கிழக்கு மூலை. 8 மணி நேர ஷிப்ட்ல ஒரு நடைக்கு 2 மணி நேரம்னா 4 நடை, கேட்டுல எடை போடறதுக்கு 40 நிமிஷம் வரிசைல நின்னா 3 நடைதான். வண்டி அதேதான், டிரைவர் அதேதான், ஒரு நடை போச்சு. நடுவுல, சின்ன வண்டி குப்பைய பெரிய லாரிக்கு மாத்தி ஏத்தற ஸ்டேஷன் வெக்கறது இதுக்குத்தான். புது வண்டி வாங்குனா கொடியசைச்சு போட்டோ எடுக்கலாம், கோட்ட மாத்தி வரைஞ்சா யாரும் போட்டோ எடுக்க மாட்டாங்க, அதான் சிக்கலே.

கேள்வி: எங்க வார்டு சின்னதுதான், ஆனா வண்டி வர மத்தியானம் ஆயிருது. பக்கத்துப் பெரிய வார்டுல காலைலயே முடிஞ்சிருது. ஏனுங்க இப்படி? (வாசகர், திருப்பூர்)

பதில்: வார்டு பிரிச்சது ஜனத்தொகைய பாத்துங்க, குப்பைய பாத்து இல்ல. உங்க பக்கம் பனியன் கம்பெனி, மெஸ்ஸு, முட்டுச்சந்து எல்லாம் இருந்தா ஏரியா சின்னதா இருந்தும் வேலை ஜாஸ்தி, முட்டுச்சந்துல பேட்டரி வண்டி ரிவர்ஸ்லயே வரணும். நடுவுல ரயில்வே லைன் ஓடுச்சுன்னா இன்னும் மோசம், அந்தப் பக்கம் இருக்கற நாலு தெருவுக்காக கேட்டத் தாண்டி சுத்திட்டு போகணும். அந்த நாலு தெருவ அந்தப் பக்கத்து வண்டிக்கே விட்டுட்டா முடிஞ்சுது, வார்டு கோடு கவுன்சிலருக்குத்தான் முக்கியம், வண்டிக்கு என்னங்க.

வண்டி போற வழிக்கும் கணக்கு இருக்குது. எல்லா முக்குலயும் ரெட்டைப்படைல ரோடு சேந்தா, போன ரோட்டுலயே மறுக்கா போகாம எல்லாத் தெருவையும் முடிச்சு கெளம்புன எடத்துக்கே வந்தர்லாம்னு ஆய்லர்ங்கற கணக்கு மேதை 1736-லயே கண்டுபிடிச்ச விசயம் இது. முச்சந்தி மாதிரி ஒத்தைப்படை முக்கு இருந்தா ஏதோ ஒரு ரோட்டுல ரெண்டாவது தடவ சும்மா ஓட்டித்தான் ஆகணும், அத எப்படி கம்மி பண்றதுன்னு 1960-ல குவான்னு ஒரு சீனக் கணக்கு வாத்தியார் எழுதுனாரு, அதனால இதுக்கு சைனீஸ் போஸ்ட்மேன் கணக்குன்னே பேரு. பனி வழிக்கற வண்டிக்கும் குப்பை வண்டிக்கும் இதான் அடிப்படை.

கேள்வி: ஊட்டில பனி அள்றாங்களா? (வாசகர், மேட்டுப்பாளையம்)

பதில்: அது உறைபனிங்க, வெயில் ஏறுனா அதுவே போயிரும். டெண்டர் விட ஒண்ணுமில்ல.

கேள்வி: மாண்ட்ரியல்ல பனிய பழைய கல் குவாரிலதான் கொட்டறாங்கன்னு படிச்சேன். அப்ப நம்ம பாறைக்குழில குப்பைய கொட்டறது மட்டும் ஏன் தப்பு? (வாசகர், அவிநாசி)

பதில்: ஃபிராங்கான்னு ஒரு குவாரிங்க, நீங்க படிச்சது சரிதான். முன்னாடி சென்ட் லாரன்ஸ் ஆத்துலயே கொட்டிட்டிருந்தாங்க, ரோட்டு உப்பும் ஆயிலும் ஆத்துல கலக்குதுன்னு நிறுத்திட்டாங்க. ஆனா பனி உருகிரும், அந்தத் தண்ணி சாக்கடைக் குழாய் வழியா சுத்திகரிப்புக்குப் போயிரும், அடுத்த வருசத்துக்கு குழி திரும்பக் காலி. நம்ம குப்பை உருகாது, கலந்து கொட்டுனா ஈரக் குப்பைல இருந்து கசியற கருப்புத் தண்ணி பாறை வெடிப்புல எறங்கி சுத்துப்பட்டு போர்வெல்லுக்குப் போகும். அடில கசிவ தடுக்கற ஷீட்டும் கிடையாது, கசிவு தண்ணி எடுக்க பம்பும் கிடையாதுன்னா அது கொட்டற எடமே இல்லீங்க. 2016 விதில சொன்ன மாதிரி வீட்டுலயே ஈரம், உலர், ஆபத்தான குப்பைன்னு பிரிச்சு குடுத்து, ஈரத்த அந்தந்த ஏரியாலயே உரமாக்கிட்டா லாரி நடையும் கொறையும், குழியும் தேட வேண்டியதில்ல. உங்க ஊருல ஈரக் குப்பைய உரமாக்கற மைக்ரோ கம்போஸ்ட் ஷெட்டு எங்க இருக்குது, பூட்டிக் கெடக்குதா ஓடுதான்னு ஒருக்கா போய் பாத்துட்டு எழுதுங்க.