கடல் பக்கம் குடியேறலாமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கடலோரத்தில் வெயிலும் குளிரும் மட்டாக இருக்கும் என்கிறார்கள். ஆனால் பல கடற்கரை ஊர்களில் சட்டை நனைய வியர்க்கிறதே, ஏன்?

பதில்: இரண்டும் உண்மைதான். ஒரு கிலோ தண்ணீரை 1 டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பம், ஒரு கிலோ காய்ந்த மணலுக்குத் தேவைப்படுவதைப் போல 5 மடங்கு. போதாததற்கு, பகல் வெப்பம் மண்ணில் அரை மீட்டருக்குக் கீழே இறங்குவதில்லை. கடலில் அலை அதைக் கலக்கிக் கலக்கிப் பல மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். எனவே கடல் மெதுவாகச் சூடேறும், மெதுவாக ஆறும். ஆனால் அந்த நிதானம் கரைக்கு வந்து சேர, காற்று கடலிலிருந்து வீச வேண்டும்.

போர்ச்சுகலின் லிஸ்பனும் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியும் ஒரே பெருங்கடலின் எதிரெதிர்க் கரைகள். அட்சரேகையும் கிட்டத்தட்ட ஒன்றே. ஜனவரி சராசரி லிஸ்பனில் 11 டிகிரிக்கு மேல். அட்லாண்டிக் சிட்டியில் 1, 2 டிகிரி. அந்தப் பகுதியில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வருகிறது. லிஸ்பனுக்குக் கடல் காற்று கிடைக்கிறது, எதிர்க்கரைக்குக் கண்டத்தின் உள்ளே குளிர்ந்துபோன காற்று.

அடுத்தது நீரோட்டம். பெருவின் லிமா 12 டிகிரி தெற்கில், பிரேசிலின் சால்வடார் 13 டிகிரி தெற்கில். இரண்டும் வெப்ப மண்டலம், இரண்டும் கடலோரம். லிமாவின் வாசலில் ஹம்போல்ட் என்னும் குளிர் நீரோட்டம் ஓடுவதால் ஊர் இதமாக இருக்கிறது. ஆனால் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சாம்பல் நிற வானம். ஆண்டு மழை ஓர் அங்குலத்தைத் தொட்டால் அதிசயம். சால்வடாரை ஒட்டிய கடல் வெதுவெதுப்பானது, மழையும் புழுக்கமும் அதற்கேற்றபடி. உங்கள் சட்டையை நனைப்பது கடல் அல்ல, கடலின் சூடு.

கேள்வி: தட்பவெப்பத்துக்காக யாராவது ஊர் மாறுவார்களா? வேலைக்காகத்தானே போகிறார்கள்?

பதில்: கலிபோர்னியாவும் புளோரிடாவும் வளர்வதற்கு இதமான வாழ்க்கைச் சூழலே ஒரு காரணம் என்று புவியியலாளர் எட்வர்ட் உல்மன் 1954லேயே எழுதினார். "அதெல்லாம் ஏ.சி. வந்ததால் வந்த கூட்டம்" என்பது வழக்கமான பதில். 2007இல் பொருளாதார அறிஞர் ஜோர்டன் ராப்பபோர்ட் வெளியிட்ட ஆய்வு அந்தப் பதிலில் ஓட்டை போட்டது. அமெரிக்கர்கள் குளிர் குறைந்த இடங்களுக்கு மட்டுமல்ல, கோடையில் சூடும் ஈரமும் குறைந்த இடங்களுக்கும் நகர்ந்திருக்கிறார்கள். ஏ.சி. மட்டுமே காரணமென்றால் கோடைச் சூட்டைப் பொருட்படுத்தாமல் போயிருக்க வேண்டுமே! வருமானம் உயர உயர, இதமான காற்றும் காசு கொடுத்து வாங்கும் பொருளாகிவிட்டது.

அந்தக் காசு இரண்டு வழியில் போகிறது. ஒன்று வாடகை, மற்றொன்று, அதே வேலைக்குக் கொஞ்சம் குறைந்த சம்பளத்துக்கு ஒத்துக்கொள்வது. 1982இல் பொருளாதார அறிஞர் ஜெனிஃபர் ரோபேக் இதைக் கணக்காகவே எழுதிக் காட்டினார். ஊர் மாறுமுன் இந்த இரண்டையும் கூட்டிப் பாருங்கள். வாடகையை மட்டும் ஒப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொள்பவர்களே அதிகம்.

கேள்வி: வானிலைச் செயலியில் சராசரி வெப்பநிலை பார்த்து ஊரைத் தேர்ந்தெடுத்தால் போதுமா?

பதில்: போதாது. பனிப்புள்ளியைப் பாருங்கள். காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை அது. 16 டிகிரிக்குள் இருந்தால் சுகம், 21ஐத் தாண்டினால் பிசுபிசுப்பு, 24க்கு மேல் மின்விசிறிக் காற்றும் உடம்பில் ஒட்டும். இரவு வெப்பநிலை பனிப்புள்ளிக்குக் கீழே எளிதில் இறங்காது என்பதால், ராத்திரித் தூக்கத்தின் கதையையும் இதுவே சொல்லிவிடும்.

செயலியில் அது இல்லையென்றால் மனக்கணக்குப் போடலாம். 100இலிருந்து ஈரப்பத சதவீதத்தைக் கழித்து, 5ஆல் வகுத்து, வந்ததை வெப்பநிலையிலிருந்து கழியுங்கள். 30 டிகிரி, 80 சதவீதம் என்றால் பனிப்புள்ளி 26. ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் குறைந்தால் இந்தக் கணக்கு பிசகும். ஆண்டு சராசரியை நம்பாதீர்கள். மிகச் சூடான மாதத்தையும் மிகக் குளிர்ந்த மாதத்தையும் தனித்தனியே எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் வீடு பார்ப்பது நல்லது?

பதில்: கிலோமீட்டர் கணக்கு மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். கடற்காற்று முற்பகலில் கிளம்பி, சமவெளியாக இருந்தால் 20, 30 கிலோமீட்டர்கூட உள்ளே போகும். குறுக்கே ஒரு குன்று நின்றால் கதை மாறிவிடும். சான் பிரான்சிஸ்கோவில் ஜூலை மாதப் பகல் உச்சம் சராசரியாக 20 டிகிரியை ஒட்டி இருக்கும்போது, சுமார் 120 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் சாக்ரமென்டோவில் அது 33ஐத் தாண்டுகிறது. அவ்வளவு தூரம்கூட வேண்டாம். சான் பிரான்சிஸ்கோவுக்குள்ளேயே ட்வின் பீக்ஸ் குன்றுகளுக்கு மேற்கே சன்செட் பகுதி பனிமூட்டத்தில் மூழ்கிக் கிடக்க, கிழக்கே மிஷன் பகுதியில் வெயில் அடிக்கும். அந்த ஊரில் செப்டம்பர்தான் மிகச் சூடான மாதம் என்பதும் தெரிந்திருக்கட்டும். ஜூலையில் கோடை உடுப்போடு போய் இறங்குபவர்கள் நடுங்குவார்கள்.

கடற்காற்றோடு வரும் உப்பு வேறு கணக்கு. அலை உடையும் இடத்திலிருந்து முதல் சில நூறு மீட்டர்களில்தான் அது மிக அதிகம். பிறகு மளமளவென்று குறையும். கடலிலிருந்து காற்று பலமாக அடித்தால் ஒன்றிரண்டு கிலோமீட்டர்வரை தொல்லை உண்டு. தரகர் சொல்வதைக் கேட்பதற்கு முன் அக்கம்பக்கத்து மின் மீட்டர் பெட்டியும் கேட் கீலும் துருப்பிடித்திருக்கின்றனவா என்று பாருங்கள். மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து வளர்ந்திருந்தால் காற்று ஆண்டு முழுக்க அடிக்கிறது என்று பொருள். வீட்டை ஒரு முறை விடிகாலையிலும் ஒரு முறை இருட்டியபின்னும் போய்ப் பார்ப்பது அவசியம். மதியம் மூன்று மணிக் கடற்காற்றில் எந்த வீடும் நன்றாகத்தான் இருக்கும்.

கேள்வி: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடிக் கம்பிதான் போட்டோம். ஒரே வருடத்தில் பழுப்புக் கறை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. 304 தரம் போட்டிருப்பீர்கள். அதைக் காக்கும் மெல்லிய குரோமிய ஆக்சைடு படலத்தை உப்பிலுள்ள குளோரைடு துளைத்துவிடும். கடலோரத்துக்கு 316 கேட்டு வாங்க வேண்டும். அதில் குளோரைடைத் தாங்க உதவும் மாலிப்டினம் என்ற உலோகம் 2 முதல் 3 சதவீதம் இருக்கிறது. அதிலும் பளபளப்பாகத் தீட்டிய பரப்பு நல்லது. கோடு கோடாக இழைத்த பரப்பில் உப்பு போய் உட்கார்ந்துகொள்ளும்.

பலர் கவனிக்காத ஒன்று: மழை படும் கம்பியைவிட, கூரை விளிம்புக்குக் கீழே பத்திரமாக இருக்கும் கம்பிதான் முதலில் கறைபடும். மழை உப்பைக் கழுவிவிடுகிறது, கூரைக்கடியில் கழுவ ஆளில்லை. ஆகவே மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர் ஊற்றி அந்த இடங்களைத்தான் முதலில் கழுவ வேண்டும். ஏ.சி.யின் வெளி யூனிட்டுக்கும் இதே கவனிப்பு: மின்சாரத்தை நிறுத்திவிட்டு, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர். அதில் செப்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டியிருப்பதால், உப்பு ஈரம் பட்டதும் அலுமினியம் பொடிப்பொடியாக உதிரத் தொடங்கும்.

கேள்வி: இதமான ஊர் என்று போனோம். குளிர்காலத்தில் வீட்டுக்குள் நடுக்கம், அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை. எங்கே தப்பு?

பதில்: ஊரில் தப்பில்லை, வீட்டில். குளிர் கடுமையாக இல்லாத ஊர்களில் கட்டுகிறவர்கள் சுவருக்கு வெப்பக் காப்பு போடுவதில்லை. வெயிலுக்குப் பெயர் போன போர்ச்சுகல்தான் ஐரோப்பாவில் குளிர்கால இறப்பு மிகுதியாகப் பதிவான நாடுகளில் ஒன்று.

பூஞ்சையின் கணக்கு எளிது. அறைக் காற்று 20 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்று வையுங்கள். வெளிச்சுவர் 15 டிகிரிக்குக் குளிர்ந்திருந்தால், சுவரை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 82 சதவீதம் ஆகிவிடும். 80ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை வரும். அலமாரியை வெளிச்சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளிப் போடுங்கள், முடிந்தால் உள்சுவருக்கு மாற்றுங்கள். புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டர் வேண்டவே வேண்டாம்: 1 கிலோ கேஸ் எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ நீராவி அறைக்குள்ளேயே சேரும். நச்சுப் புகை வேறு. பூஞ்சைமேல் பெயின்ட் அடிப்பது வீண் செலவு. வீடு பார்க்கப் போகும்போது ஒரு சுவரில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: கடலைப் பார்த்த ஜன்னலா, பின்பக்க அறையா?

பதில்: பகலில் உட்கார முன்னது, துணிமணி வைக்கப் பின்னது.

கேள்வி: கடலோர மனையில் கிணற்று நீர் இனிக்கிறது. நம்பி வாங்கலாமா?

பதில்: நன்னீர் உப்பு நீரைவிட லேசானது என்பதால் அதன்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் நன்னீர் இருக்கும். இது திரும்பியும் வேலை செய்யும்: இறைத்து இறைத்து நீர்மட்டத்தை நிரந்தரமாக 1 மீட்டர் இறக்கினால், அடியிலிருக்கும் உப்பு நீர் 40 மீட்டர் மேலே ஏறப் பார்க்கும். கடல் மட்டமும் 1900க்குப் பிறகு 20 சென்டிமீட்டர் அளவு உயர்ந்திருக்கிறது. வெயில் காலத்தின் கடைசியில் போய், மோட்டாரை நான்கு மணி நேரம் ஓடவிட்டு, முதல் குடத்தையும் கடைசிக் குடத்தையும் தனித்தனிப் பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். குளோரைடு அளவு கடைசிக் குடத்தில் கூடியிருந்தால் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள்.