கவ்வுற மீட்டர் ஜீரோ காட்டுதே, திருப்பி அனுப்பிடவா?

கேள்வி: அண்ணே, போன தடவ கரண்ட் பில் 380 யூனிட், இந்த தடவ 610. எது இவ்ளோ இழுக்குதுன்னு பாக்க, ஒயர்ல கவ்வுற சிடி (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) வச்ச எனர்ஜி மீட்டர் ஒண்ணு ஆன்லைன்ல வாங்கினேன். ஏசி ஓடுறப்ப அதோட ஒயர்ல மாட்டினா ஜீரோதான் வருது. டூப்ளிகேட்டா?

பதில்: அனுப்பிடாதீங்கம்மா, பொருள் மேல தப்பு இருக்காது. ஏசியோட கறுப்பு ஒயர அப்படியே கவ்வ விட்டிருப்பீங்க, அதுக்குள்ள ஃபேஸ் நியூட்ரல் ரெண்டும் ஓடுது, ஒண்ணுல போற கரண்ட் இன்னொண்ணுல திரும்புது, ரெண்டோட காந்தப்புலமும் கழிஞ்சு போயிடும், அப்புறம் சிடிக்கு என்ன தெரியும்? ஃபேஸ் மட்டும் உள்ள போகணும். டிபி பாக்ஸ்ல (வீட்டு சுவிட்ச்செல்லாம் சேருற மெயின் பெட்டி) ஏசியோட எம்சிபில (ட்ரிப் ஆகுற சுவிட்ச்) இருந்து வர்ற ஒத்த ஒயர்தான் அதுக்கு தோது, எலக்ட்ரீஷியன வச்சு மெயின ஆஃப் பண்ணிட்டு மாட்டுங்க. (ரெண்டையும் சேத்து கவ்வியும் ஜீரோ வரலன்னாதான் கவலப்படணும், எங்கயோ கரண்ட் லீக்கேஜ். லீக்கேஜ் வந்தா கட் பண்ற ஆர்சிசிபி உள்ளயும் இதே கணக்குதான்.)

சிடிங்கறது குட்டி டிரான்ஸ்ஃபார்மர். உங்க ஒயர் ஒரு சுத்து, உள்ள 2000 சுத்துன்னா 100 ஆம்பியருக்கு 50 மில்லி ஆம்பியர் வெளிய வரும். வாய் சரியா மூடலன்னா ரீடிங் குறையும், 'க்ளிக்'னு கேக்குற வரைக்கும் அமுக்குங்க. 100 ஆம்பியர் சிடில 9 வாட் பல்ப அளக்காதீங்க, நம்பர் சும்மா ஆடும். கரண்ட் ஓடுறப்ப சிடியோட ப்ளக்க மட்டும் மீட்டர்ல இருந்து புடுங்கவே கூடாது, அந்த முனைல வோல்டேஜ் எகிறிடும்.

இன்னொண்ணு, உங்க மீட்டர் வோல்டேஜையும் எடுக்குதான்னு பாருங்க. வெறும் ஆம்பியர 230ஆல பெருக்கிக் காட்டுற மலிவு செட்டுன்னா ஃபிரிட்ஜ், மோட்டாருக்கெல்லாம் பவர் ஃபேக்டர் (இழுக்குற கரண்ட்ல எவ்ளோ நெசமா வேலைக்கு ஆகுதுங்கற கணக்கு) தெரியாம கூட்டித்தான் காட்டும். த்ரீ ஃபேஸ்னா மூணு சிடி வேணும்.

கேள்வி: இத வச்சு வாசல்ல இருக்க மீட்டர் ஓவரா ஓடுதுன்னு சண்ட போடலாமா?

பதில்: போட்டாலும் எடுபடாது. அதுக்கு வேற வழி இருக்கு. எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு, பக்கெட் தண்ணில 1000 வாட் ஹீட்டர் ராடு மட்டும் 3 நிமிஷம் போடுங்க, அது 0.05 யூனிட். மீட்டர்ல ஒரு யூனிட்டுக்கு 3200 இம்பல்ஸ்னு (லைட்டு மின்னுற தடவ) போட்டிருந்தா சிவப்பு லைட்டு 160 தடவ கிட்ட மின்னணும், வோல்டேஜ் கம்மின்னா இன்னும் குறையும். 250, 300னு வந்துச்சுன்னா மீட்டர டெஸ்ட் பண்ணச் சொல்லி எழுதிக் குடுங்க. ராடு ஓடுறப்ப தண்ணிய மட்டும் தொட்டுப் பாத்துடாதீங்க.